முந்நூறு எம்எம் சாட்சி

அன்று அந்த அறையில் இருந்தவர்கள்:

விஸ்வநாதன் சார், வெல்ஃபேர் ஆபீசர். பாலக்காட்டுக்காரர், வீடு மாட்டுங்காவில். மேசைக்குப் பின்னால்.

காத்ரே சாகேப், அக்கவுண்ட்ஸ் ஆபீசர். ஃபேனுக்கு நேர் கீழே. அந்த நாற்காலியை வேறு யாரும் தொடமாட்டார்கள்.

தங்கராஜ் அண்ணாச்சி, யூனியன் செயலாளர். தாராவிக்காரர், ஊர் திருநெல்வேலிப் பக்கம். நாற்காலி இருந்தது. உட்காரவில்லை. மேனேஜ்மென்ட் நாற்காலியில் உட்கார்ந்தால் பேச்சு இளகிவிடும் என்பது அவர் கொள்கை.

சவுகான், செக்யூரிட்டி ஆபீசர். பட்டாளத்திலிருந்து வந்தவர். கதவோரம் விறைப்பாக நின்றார். கம்பெனி கேட்டைத் தாண்டி எது வந்தாலும் போனாலும் அவர் கையெழுத்து வேண்டும். அதனால் அழைத்திருந்தார்கள்.

ஆறுமுகம், கம்பெனி போட்டோகிராபர். நான்தான். ஸ்டூலில்.

மேசைமேல் மூன்று லென்ஸ்.

ஒரு லென்ஸ் வாங்கத்தான் இத்தனை பேர்.

இதை இப்போது எழுதக் காரணம், செம்பூரில் எங்கள் சங்க மலர். பிள்ளைகள் எல்லாம் புதுக் கேமரா வாங்குகிறார்கள். விளையாட்டும் எடுக்க வேண்டும், வீட்டு விசேஷமும் எடுக்க வேண்டும், என்ன லென்ஸ் வாங்கலாம் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்றார் மலர்க்குழுச் செயலாளர். நான் நாலாவதோடு நின்றவன். ஒரு பக்கத்தில் அடக்கி எழுத வராது. நடந்ததை நடந்தபடி எழுதினால் உண்டு. நீளம் என்றால் செயலாளர் வெட்டிக்கொள்ளட்டும்.

கம்பெனி டிராம்பே போகும் வழியில் இருந்தது. பெயிண்ட் செய்யும் கம்பெனி. நான் சேர்ந்தது லேபில் பாட்டில் கழுவ. அங்கே பழைய போட்டோகிராபர் ஒருவர் இருந்தார். அவருக்கு இருட்டறையில் ஆசிட் எடுத்துக் கொடுப்பேன். அவருக்குக் கண்ணில் புரை வந்தது. கேமராவை என்னிடம் கொடுத்தார்கள். என் படிப்பு அவ்வளவுதான்.

வேலை இதுதான். அடையாள அட்டைக்கு முகம் எடுப்பது. ரிட்டயர் ஆகிறவர்களை மாலையோடு எடுப்பது. உடைந்த மெஷினை எடுப்பது. வருஷத்துக்கு ஒரு தடவை ஸ்போர்ட்ஸ் டே. கேமராவில் ஒரே லென்ஸ், ஐம்பது எம்எம். நம் கண்ணுக்கு ஒரு ஆள் எவ்வளவு தூரத்தில் தெரிகிறானோ ஏறத்தாழ அப்படியே அதிலும் தெரிவான். மாலை மரியாதைக்கு அது போதும். ரிட்டயர் ஆகிறவர் ஓடமாட்டார்.

ஸ்போர்ட்ஸ் டேயில்தான் தகராறு. கோட்டுக்கு வெளியே நின்று எடுத்தால் ஓடுகிறவன் புள்ளியாக விழுவான். முகம் வேண்டுமே என்று ஒரு வருஷம் நூறு மீட்டர் ஓட்டத்தில் கோட்டுக்கு உள்ளேயே போய்விட்டேன். முதலில் வந்தவன் என் மேல் வந்தான். இரண்டாவதாக வந்தவன் அவன் மேல் வந்தான். மூன்றாமவனுக்குக் கோப்பை கிடைத்தது. அன்று எடுத்த படத்தில் ஒரு முழங்கால் இருக்கிறது. யாருடையது என்று இன்றுவரை தெரியாது.

அந்த வருஷப் படங்களை நோட்டீஸ் போர்டில் ஒட்டினதும் தங்கராஜ் அண்ணாச்சி வெல்ஃபேர் ஆபீஸுக்குள் வந்தார்.

"சார், இந்தப் படத்தப் பாருங்க. மேடையில இருக்க ஆபீசர்மாரு மூஞ்சி தாம்பாளம் கணக்கா இருக்கு. ஓடுத எங்க ஆளு எங்க இருக்கான்னு பூதக்கண்ணாடி வச்சுத் தேட வேண்டியிருக்கு. தொழிலாளிக்கு மூஞ்சி கெடையாதா?"

விஸ்வநாதன் சார் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஏண்டா ஆறுமுகம், இவா மூஞ்சி எங்கே?"

"லென்ஸ் எட்டாது சார்."

"எழுதிண்டு வா."

சாரிடம் எதற்கும் பதில் இதுதான். வாயால் சொல்வது அவர் காதில் ஏறாது. தாளில் வர வேண்டும். தாளின் நடுவில் கோடு போட்டு, இடது பக்கம் என்ன வேண்டும், வலது பக்கம் காரணம். நான் தமிழில் எழுதுவேன். அவரே அதை இங்கிலீஷில் மாற்றி டைப் அடிக்கக் கொடுப்பார். ஒரு எழுத்துப் பிழைக்கும் திட்டினதில்லை. காரணம் என்ற இடம் காலியாக இருந்தால் மட்டும் தாளை மடித்து என் சட்டைப்பையில் அவரே செருகி அனுப்பிவிடுவார்.

முதல் தடவை "பெரிய லென்ஸ் வேண்டும்" என்று எழுதினேன். திரும்பி வந்தது. "எத்தனை பெரிசு? காரணம்?" இரண்டாம் தடவை "முந்நூறு எம்எம். முகம் தெரியும்" என்று எழுதினேன். திரும்பி வந்தது. "எங்கே நின்றால் தெரியும்?" மூன்றாம் தடவை ஸ்போர்ட்ஸ் கிரவுண்டைப் படமாகவே வரைந்து, நான் நிற்கும் இடத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டுக் கொடுத்தேன். அது போனது.

இன்றைக்கும் லென்ஸ் கேட்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது அதைத்தான். எங்கே நிற்பாய்? கோட்டருகே விடுவார்களா, விடமாட்டார்களா? விடமாட்டார்கள் என்றால் பெரிய லென்ஸ். விடுவார்கள் என்றால் அந்தக் காசுக்கு வேறு ஏதாவது வாங்கு.

ஃபோர்ட்டில் ஒரு கடையிலிருந்து மூன்று லென்ஸ் ஒருநாள் பார்த்துத் தர வந்தன. மேலே சொன்ன கூட்டம் அதற்குத்தான்.

காத்ரே சாகேப் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துக் கனம் பார்த்தார். அவர் எங்களோடு இருந்து இருந்து இந்தியும் தமிழும் கலந்து பேசுவார்.

"அரே பாபா, ஒரு கேமராவுக்கு எத்தனை கண்ணு வேணும்? ரெண்டு காம், ரெண்டு வேலையும் ஒரே லென்ஸ்ல ஆகாதா? மாலையும் ஆகணும், கபடியும் ஆகணும்."

"இது ஆகும் சாகேப்" என்று நடுவில் இருந்த ஜூமைக் காட்டினேன். "எழுபதில் ஆரம்பித்து இருநூறு வரைக்கும் போகும். ஆனால் உள்ளே வெளிச்சம் குறைவாக வரும். கேன்டீனில் எடுத்தால் இருட்டாக விழும்."

"கேன்டீன்ல எதுக்கு வெளிச்சம்? சாம்பார் தெரியாம இருந்தா நல்லது" என்றார் அண்ணாச்சி.

கேன்டீன் வெல்ஃபேர் ஆபீஸ் பொறுப்பு. சார் சிரிக்கவில்லை. பேனா மூடியைத் திருகித் திறந்து மறுபடி மூடினார். அவருக்குக் கோபம் என்றால் அதுதான் அடையாளம்.

முந்நூறு லென்ஸை நான் கேமராவில் மாட்டிக் கொடுக்க, சவுகான் அதைக் கண்ணில் வைத்து ஜன்னல் வழியே கேட்டைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு, "என் ஆள் பீடி குடிக்கிறான்" என்று இந்தியில் சொல்லிவிட்டு வெளியே போனார். திரும்பி வந்தபோது அவர் ஓட்டு முந்நூறுக்கு.

அண்ணாச்சியும் முந்நூறு. "எங்க ஆளு மூஞ்சி தெரியணும்வே, அவ்வளவுதான்." யூனியனும் செக்யூரிட்டியும் ஒரே பக்கம் நின்ற ஒரே கூட்டம் அது என்று சார் பிற்பாடு சொல்வார்.

முந்நூறு வந்தது. ஆனால் இரண்டாவது கேமரா கேட்டதற்கு, லென்ஸ் என்றுதான் தீர்மானம், கேமரா என்று இல்லையே என்றார் காத்ரே சாகேப். அதனால் மேடையில் சால்வை போடும்போது ஐம்பதை மாட்டுவேன். கிரவுண்டில் ஆட்டம் சூடு பிடித்தால் கழற்றி முந்நூறை மாட்டுவேன். மாட்டி முடிப்பதற்குள் மேடையில் அடுத்த சால்வை. எங்கள் ஆட்களுக்குச் சால்வை போடாமல் எந்த விளையாட்டும் தொடங்காது. இதனால் நான் தவறவிட்ட ஆட்டங்கள் அதிகம். சால்வை ஒன்றையும் தவறவிட்டதில்லை.

லென்ஸ் வந்த இரண்டாம் வருஷம் மாட்டுங்காவில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் கபடிப் போட்டி. பல கம்பெனித் தொழிலாளர்களும் தாராவி, கோவண்டி, பாண்டூப் பக்கத்துக் குழுக்களும் ஆடினார்கள். ஞாயிற்றுக்கிழமை. சார் என்னை அனுப்பியிருந்தார். கோட்டைச் சுற்றிப் பெரிய மனிதர்களின் நாற்காலிகள். எனக்கு இடமில்லை. மைதானத்தின் அந்தக் கோடியில் பள்ளிக்கூடப் படிக்கட்டில் ஏறி நின்றேன். நூறடிக்கு மேல் இருக்கும். பொழுது சாயும் நேரம். வெயில் என் முதுகில்.

பாண்டூப் குழுப் பையன் ஒருவன் பாடிப் போனான். தொட்டுவிட்டுத் திரும்புகிறான். மூன்று பேர் காலைப் பிடிக்கிறார்கள். அவன் அப்படியே மேலே எழும்பி நடுக்கோட்டுக்குக் கை நீட்டுகிறான். அழுத்தினேன்.

என் வேலைக்காலம் முழுவதிலும் நான் எடுத்ததில் அதுதான் நல்ல படம். பையன் காற்றில் நிற்கிறான். வாய் திறந்திருக்கிறது. பின்னாலிருந்து ஒருவன் அவன் இடுப்பை இரண்டு கையாலும் வளைத்துப் பிடிக்கிறான். பிடிக்கிறவன் முகம் பையனின் தோளுக்கு மேல் தெரிகிறது. நரம்பு புடைத்த முகம். கம்பெனிக் காலண்டருக்கு இதுதான் என்று சார் சொன்னார். காரணம் கேட்காமல் அவர் ஒப்புக்கொண்டது அந்த ஒன்றுதான். போர்டில் ஒட்டினேன்.

நான்காம் நாள் சவுகான் வந்து படத்தைப் பிய்த்துக்கொண்டு போனார்.

இடுப்பைப் பிடிக்கிறவன் சுடலைமணி. பாய்லர் ஹவுஸ் ஃபிட்டர், எங்கள் ஆள், தாராவிக்காரன். ஒன்பது வருஷம் டெம்பரவரியாக இருந்து நிரந்தரமாகி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. ஏணியிலிருந்து விழுந்து இடுப்பில் அடி. டாக்டர் ஆறு வாரம் படுக்கச் சொல்லியிருந்தார். சம்பளத்தோடு லீவு. அந்த லீவில்தான் அவன் மாட்டுங்காவில் இடுப்புப் பிடி போட்டான் என்று படம் சொன்னது.

பொய்க் காயம் சொல்லிச் சம்பளம் வாங்கினால் வேலை போகும். வேறு பேச்சே கிடையாது. சுடலைமணியின் வேலை என் படத்தில் மாட்டிக்கொண்டது.

அவன் சொன்னது: "நான் ஆடல. வேடிக்க பாத்தேன்." டாக்டர் நடக்கச் சொல்லியிருந்தார், மகளைக் கூட்டிக்கொண்டு நடந்து போனேன் என்றான்.

விசாரணை அதிகாரியாகக் காத்ரே சாகேபைப் போட்டார்கள். யாருக்கும் வேண்டியவர் இல்லை என்பதால்.

முதல் நாள் அண்ணாச்சி ஆட்டக் குறிப்புத்தாளைக் கொண்டுவந்தார். ஏழு பேர் பெயர் இருந்தது. சுடலைமணி பெயர் இல்லை. சவுகான் அதை வாங்கிப் படித்துவிட்டு, இந்த ஏழு பெயரில் நிஜப்பெயர் எத்தனை என்று கேட்டார். அண்ணாச்சி கூரையைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை ஆடுகிறவனில் பாதிப் பேர் எங்கோ ஒரு கம்பெனியில் வயிற்றுவலி லீவில் இருப்பவன். அதனால் சொந்தப் பெயரை யாரும் தரமாட்டான். அந்தத் தாளில் முதல் பெயர் ஒரு மந்திரியுடையது. இரண்டாவது, அண்ணாச்சியின் மாமனார். செத்து ரொம்ப நாளாகிறது.

சாட்சிக்கு முப்பது பேரைக் கொண்டுவருகிறேன் என்றார் அண்ணாச்சி.

"முப்பதும் உங்க ஆளு" என்றார் சவுகான்.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள்.

"இந்த போட்டோ நீ எடுத்ததா?" காத்ரே சாகேப் கேட்டார்.

"நான்தான்."

"இதுல எதாவது வேலை பண்ணியிருக்கியா? ஒட்டுறது, வெட்டுறது?"

எனக்குச் சுருக்கென்றது. நான் இருட்டறையில் கை சுத்தமானவன். "படம் பொய் சொல்லாது சாகேப்" என்றேன்.

சாகேப் அதை எழுதிக்கொண்டார். சவுகான் என் தோளைத் தட்டினார். அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

வெளியே வந்ததும் அண்ணாச்சி, "ஏல ஆறுமுகம், உன்ன யாரும் தத்துவம் கேட்டாவளா? ஆமா இல்லன்னு ரெண்டு வார்த்த சொல்லிட்டு வராம, பொய் சொல்லாதாம்லா! தொழிலாளிக்கு மூஞ்சி கேட்டேன், நீ கழுத்தையும் சேத்துக் குடுத்துட்டியே!" என்றார்.

நான் இருட்டறைப் பக்கம் நடந்தேன்.

மறுநாள் சுடலைமணி இருட்டறைக்கு வந்தான். இடுப்பில் பெல்ட். வாசற்படியைப் பிடித்துப் பிடித்து ஏறினான்.

"அண்ணே, எனக்கு ஒரு காப்பி போட்டுத் தரணும்."

"எதுக்கு?"

"படம் நல்லாருக்கு. வேல போனாலும் படமாவது வீட்ல இருக்கட்டும்."

"கிண்டலா பண்ணுத?"

"இல்லண்ணே. நான் ஆடுன நாள்ல எவனும் என்னப் படம் எடுக்கல. ஆடாத அன்னிக்கு எடுத்திருக்கீய. அதான்."

"ஆடலைன்னா கை ஏன்டா அப்படி இருக்கு?"

அவன் கொஞ்சம் வெட்கப்பட்டான். "அந்தப் பயலுவ காலப் புடிக்கானுவண்ணே. இடுப்பப் புடில, இடுப்பப் புடிலன்னு கத்துதேன். கை தானா போயிட்டு. எனக்கே தெரியாது. பக்கத்துல நின்ன எம்மவ பயந்துட்டா."

அவனுக்குக் காப்பி போடத்தான் நெகடிவை மெஷினில் மாட்டினேன். காலண்டருக்குப் போட்டபோது ஓரங்களைக் கறுப்பாக்கி இருந்தேன், பையன் எடுப்பாகத் தெரிய வேண்டுமென்று. இப்போது முழுவதும் வெளிச்சத்தில் பார்த்தேன். சுடலைமணியின் காதுக்குப் பக்கத்தில் ஒரு நிழல். அவன் தலையின் நிழல். பின்னாலிருந்த காம்பவுண்டுச் சுவரில் விழுந்திருந்தது. காற்றில் நின்ற பையனின் நிழல் சுவரில் இல்லை.

அந்தச் சுவர் எனக்குத் தெரியும். கபடிக்கோட்டிலிருந்து அது தள்ளி இருக்கும். சுடலைமணி சுவரை ஒட்டி நின்றிருக்கிறான். பையன் கோட்டில். நடுவில் இருந்த தூரத்தைக் காணோம்.

எனக்கு விஷயம் அப்போதுதான் விளங்கியது. பெரிய லென்ஸின் குணம் அது. தூரத்தில் நின்று எடுத்தால் முன்னால் இருப்பவனையும் பின்னால் இருப்பவனையும் ஒன்றாக அமுக்கிக் காட்டும். கைக்குத் தெரிந்திருந்தது. இரண்டு வருஷமாக அதை வைத்து எடுத்தவன். வாய்க்கு வரவில்லை.

சாரிடம் போனேன். நெகடிவைக் காட்டினேன். அவர் ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். இதை நீ சொன்னால் அந்தப் பிடியே பொய் என்று ஆகும், படம் காலண்டரில் வராது, தெரியுமா என்றார். தெரியும் என்றேன்.

"காரணம்?" என்றார்.

"சொல்லத் தெரியல சார். எடுத்துக் காட்டுறேன்."

"அதையே எழுதிண்டு வா."

இடது பக்கம்: விசாரணையில் ஒரு படம் எடுக்க அனுமதி வேண்டும். வலது பக்கம்: சொல்லத் தெரியவில்லை. எடுத்துக் காட்ட வேண்டும். இதைச் சட்டைப்பையில் செருகுவார் என்று நினைத்தேன். கையெழுத்துப் போட்டார்.

இரண்டாம் நாள் விசாரணையில் காத்ரே சாகேப் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார்.

"போன தடவ போட்டோ பொய் சொல்லாதுன்னே. எழுதி வெச்சிருக்கேன். இப்ப பொய் சொல்லுதா?"

"பொய் சொல்லல சாகேப். தூரத்தை மட்டும் சொல்லாம விட்டுடுச்சு."

நிழலைக் காட்டினேன். சவுகான் நம்பவில்லை. சுவர் ஆட்டக்காரர்களுக்குப் பின்னாலேயே இருக்கிறதே, இதோ படத்தில் தெரிகிறதே என்றார். நானும் அதைத்தான் சொல்ல வந்தேன். படத்தில் அப்படித்தான் தெரியும்.

எல்லோரும் காம்பவுண்டுக்கு வாருங்கள் என்றேன். நான் ஆபீசர்களை இப்படிக் கூப்பிட்டதே இல்லை. சார் முதலில் எழுந்தார். அதனால் மற்றவர்களும் எழுந்தார்கள்.

கொடிக்கம்பத்தடியில் சவுகானை நிற்க வைத்தேன். அவருக்கு நிற்பது எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. அவருக்குப் பின்னால், கிட்டத்தட்ட முப்பதடி தள்ளி, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் காத்ரே சாகேப். "சாகேப், குனிந்து இரண்டு கையையும் முன்னால் நீட்டுங்கள்."

"நான் ஏன்? சுடலைமணி நிக்கட்டும்."

"அவன் நின்றால் மறுபடி அவன் கைதான் சாகேப். உங்கள் கை என்றால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்."

அது சரி என்று அவருக்குப் பட்டது. குனிந்தார். நான் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போனேன். நூறடிக்கு மேல். முந்நூறை மாட்டினேன். இடது, வலது என்று நான் கையைக் காட்ட, சார் நடுவில் நின்று சாகேபை அங்குலம் அங்குலமாக நகர்த்தினார். ஷிப்ட் விடும் நேரம். ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். சாகேப் குனிந்து கையை நீட்டியபடி நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்வதை அவர்கள் அதற்கு முன் பார்த்ததில்லை.

"சாகேப், இன்னும் கொஞ்சம் குனிங்க, ஆளு நழுவிருவான்!" அண்ணாச்சிதான்.

"சுப் கரோ!" என்று வாயை மூடச் சொன்னார் சாகேப், குனிந்தபடியே.

அழுத்தினேன். உடனே ஐம்பதை மாட்டிக்கொண்டு பக்கவாட்டில் ஓடிப்போய் அதே ஆட்களை அதே நிலையில் இன்னொன்று எடுத்தேன். அசையாதீர்கள் என்று கத்திக்கொண்டே ஓடினேன். சவுகான் அசையவில்லை. சாகேபுக்கு இடுப்பு வலித்திருக்கும்.

ஒரு மணி நேரம் கழித்து இரண்டு படத்தையும் ஈரத்தோடு கொண்டுபோய் மேசையில் வைத்தேன்.

முதல் படத்தில் அக்கவுண்ட்ஸ் ஆபீசர் செக்யூரிட்டி ஆபீசரின் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தார். அவர் தோளுக்கு மேல் இவர் முகம். சவுகான் பாட்டுக்கு விறைப்பாக, எதுவுமே நடக்காதது போல, நேரே பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் படத்தை மோசமாக்கியது. இரண்டாவது படத்தில் ஒரு கோடியில் சவுகான். மறுகோடியில் சாகேப் வெறுங்காற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு லாரி நிற்க இடம் இருந்தது.

சார் பேனா மூடியைத் திருகினார். ஆனால் இது கோபம் இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"யே மைன் ஹூன்? இது நானா?" என்றார் காத்ரே சாகேப். படத்தைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். "இது என் வீட்டுக்குப் போகக் கூடாது."

சவுகான் நெகடிவைக் கேட்டார்.

"நெகடிவ் கம்பெனி சொத்து" என்றார் சார். "எழுதிண்டு வாங்கோ. காரணமும் எழுதணும்."

சவுகான் எழுதவில்லை.

அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ரோஷக்காரர், ஆனால் நேர்மை உண்டு. இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார். "இந்த லென்ஸுக்கு நானும் ஓட்டுப் போட்டேன்" என்றார். பிறகு, "ஆனால் இது கொடிக்கம்பம். மாட்டுங்கா இல்லை" என்றார்.

காத்ரே சாகேப் அதை ஒப்புக்கொண்டார். அவருக்கும் ஒரு சிக்கல். தீர்ப்பைச் சாரோடு உட்கார்ந்து எழுதிவிட்டார். சார் டைப் அடித்தும் கொடுத்துவிட்டார். அதில் ஒரு வரி இப்படி: ஆடியவருக்கும் சுடலைமணிக்கும் நடுவே, புள்ளி புள்ளி புள்ளி, தூரம் இருந்ததால், அவர் ஆட்டத்தில் கலந்துகொள்ளவில்லை என்று தெரிகிறது, குற்றச்சாட்டு தள்ளுபடி, லீவு முடிந்ததும் வேலைக்கு வரலாம். புள்ளி வைத்த இடத்தில் ஒரு எண் வேண்டும். எண் இல்லாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். அக்கவுண்ட்ஸ்காரர். தூரம் கையெட்டும் அளவில் இருந்தால் தீர்ப்பைக் கிழித்துப் போட்டுவிடுவேன் என்றும் சொன்னார்.

அடுத்த ஞாயிறு காலை எல்லோரும் மாட்டுங்கா மைதானத்தில். ஸ்டோர்ஸிலிருந்து நீளமான டேப். அதற்கும் கேட் பாஸ். கபடிக் கோட்டின் சுண்ணாம்பு இன்னும் இருந்தது. பையன் எழும்பிய இடத்தை, கோட்டின் மூலையில் அடித்திருந்த ஆணி படத்தில் எங்கே தெரிகிறது என்று பார்த்துக் கண்டுபிடித்தேன். சார் அங்கே ஒரு கல்லை வைத்தார். அன்று நின்ற இடத்தில் நிற்கச் சொன்னதும் சுடலைமணி சுவரோரம் போய் நின்றான். கூட வந்த மகள், "இங்க இல்லப்பா, அங்க. நாம ஐஸ் தின்ன எடம்" என்று அவனை ஒரு எட்டு பக்கவாட்டில் இழுத்து நிறுத்தினாள். சுவரில் அந்த உயரத்தில் ஒரு விளம்பர எழுத்து. படத்தில் அவன் காதுக்குப் பின்னால் இருந்த அதே எழுத்து. சரியாக இருந்தது.

"கையையும் நீட்டணுமா?" என்று கேட்டான்.

"நீ கைய நீட்டினதுதாம்ல இவ்வளவும். கட்டிட்டு நில்லு" என்றார் அண்ணாச்சி.

டேப்பின் ஒரு முனையைச் சவுகான் பிடித்தார். அண்ணாச்சி பிடித்தால் நீட்டிவிடுவார் என்று. மறுமுனையை அண்ணாச்சி பிடித்தார். சவுகான் பிடித்தால் சுருக்கிவிடுவார் என்று. இருவரும் இழுத்த இழுப்பில் டேப் வீணைக்கம்பி மாதிரி நின்றது.

"அரே, டேப் அறுந்தா யாரு கணக்கு?" என்றார் காத்ரே சாகேப்.

சுடலைமணி பெல்ட்டைப் பிடித்தபடி நின்றான். அன்றைக்கு வந்ததிலிருந்தே அவன் முகத்தில் ரத்தமில்லை. மகள் அவன் சட்டைநுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் கேமரா கொண்டுபோயிருந்தேன். ஐம்பதை மாட்டியிருந்தேன். எடுக்கவில்லை.

சாகேப் தரையில் ஒரு காலை மண்டியிட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். டேப்பைப் படித்தார். மறுபடி படித்தார். சவுகானைக் கூப்பிட்டு அவரையும் படிக்கச் சொன்னார். சவுகான் படித்துவிட்டுத் தலையை ஆட்டினார். சார் டைப் அடித்த தாளை அட்டையோடு நீட்ட, சாகேப் தன் பேனாவாலேயே புள்ளி வைத்த இடத்தில் எண்ணை எழுதி, பக்கத்திலும் கீழேயும் கையெழுத்துப் போட்டார்.

இருபத்தொன்பது அடி, நான்கு அங்குலம்.